வணிக வளாக மின்பராமரிப்பு: வருடாந்திர ஷட்டவுனில் எதை அளப்பது, எதைப் பதிவேட்டில் எழுதுவது?

#1 | கோவைவளாகம்

எல்லாருக்கும் வணக்கம். தரைத்தளத்தில் கடைகள், மேலே ஆறு மாடி அலுவலகங்கள் உள்ள கட்டடத்தின் மின்பராமரிப்பு எங்கள் பொறுப்பு. விவரம் இதுதான்: 11 கே.வி. ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) சர்வீஸ், ஒரு வி.சி.பி. (ஹெச்.டி. பக்கத்து பிரேக்கர்), கட்டடத்துக்கு வெளியே 1000 கே.வி.ஏ. ஆயில் டிரான்ஸ்ஃபார்மர், எல்.டி. (தாழ் மின்னழுத்த) பக்கத்தில் 1600 ஆம்பியர் ஏ.சி.பி. (மெயின் பிரேக்கர்) இன்கமர், ஏ.எம்.எஃப். (மின்வெட்டில் தானாக ஸ்டார்ட் செய்யும் அமைப்பு) உள்ள 500 கே.வி.ஏ. டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) இரண்டு, ஏ.பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் கெப்பாசிட்டர்) பேனல், மொட்டைமாடியில் 100 கிலோவாட் சோலார், 60 கே.வி.ஏ. யு.பி.எஸ். இரண்டு. மாடிகளுக்கு 3.5 கோர் (மூன்று ஃபேஸ் கோர், அரை சைஸ் நியூட்ரல் கோர்) அலுமினிய ஆர்மர்டு கேபிள்.

ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரியிலும் "செக் செய்தோம், ஓகே" என்று மட்டும் இருக்கிறது. மின் ஆய்வுத்துறையின் ஆய்வு வரப்போகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் தெர்மோகிராஃபி (வெப்பக் கேமரா படம்) ரிப்போர்ட் கேட்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் ஷட்டவுன் கிடைக்கும். எந்த வரிசையில் செய்வது, எந்த அளவு வந்தால் சரி, எதை எழுதி வைப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 | மின்காப்பு

அளவுகளுக்குப் போகும் முன் ஒன்று. இந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் எத்தனை வழியாக வரும் என்று எண்ணுங்கள். மின்வாரியம், டி.ஜி. இரண்டு, சோலார், யு.பி.எஸ். இரண்டு, இவை போக கடைக்காரர்கள் தாங்களே வைத்திருக்கும் சின்ன இன்வெர்ட்டர்கள். வி.சி.பி.யை ஆஃப் செய்தால் செத்துப்போவது முதலாவது மட்டும்தான்.

டி.ஜி.: மின்வெட்டு வந்தால் ஸ்டார்ட் ஆவதுதான் ஏ.எம்.எஃப்.பின் வேலை. நீங்கள் ஷட்டவுன் எடுப்பதும் அதற்கு மின்வெட்டுதான். செலக்டரை ஆஃபில் வைத்தால் மட்டும் போதாது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டி.ஜி. பிரேக்கரை வெளியே ரேக் செய்து (பேனலின் இணைப்பிலிருந்து வெளியே இழுத்து) பூட்டுங்கள். இரண்டு செட்டுக்கும் இது பொருந்தும்.

சோலார்: கிரிட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்று நம்பி விட்டுவிடுவார்கள். வேலை வெளிச்சத்துக்காக ஒரு டி.ஜி.யை ஓட்டினால், அந்த வோல்டேஜைப் பார்த்து இன்வெர்ட்டர் மறுபடி ஊட்ட ஆரம்பிக்கும். ஏ.சி. ஐசொலேட்டரைத் திறந்து பூட்டுவது கட்டாயம். டி.சி. பக்கம் வெயில் இருக்கும்வரை உயிரோடுதான் இருக்கும். ஸ்ட்ரிங் (சோலார் பேனல் வரிசை) கனெக்டரை லோடில் பிடுங்கினால் ஆர்க் அணையாது.

யு.பி.எஸ்.: இன்புட் போனதும் பேட்டரிக்கு மாறும். மாடியில் டி.பி. (மின் பகிர்மானப் பெட்டி) இருட்டாக இருக்கும், பக்கத்திலேயே அதே டிரங்கிங்கில் யு.பி.எஸ். வயர் உயிரோடு இருக்கும்.

இதில் மோசமானது டிரான்ஸ்ஃபார்மர். எல்.டி. பக்கம் எந்த வழியிலாவது 433 வோல்ட் ஏறிவிட்டால் ஹெச்.டி. புஷ்ஷிங்கில் (வெளி இணைப்பு முனையில்) 11,000 வோல்ட் நிற்கும். மேலே துணி வைத்துத் துடைப்பவருக்கு அது தெரியாது. அதனால் ஹெச்.டி., எல்.டி. இரண்டு பக்கமும் ஷார்ட் செய்து எர்த் செய்தாக வேண்டும்.

வரிசை: முதலில் மாடி ஃபீடர்கள், பிறகு எல்.டி. ஏ.சி.பி. ஆஃப், ரேக் அவுட், பிறகு வி.சி.பி. ஆஃப், ரேக் அவுட். வி.சி.பி.க்கு முந்தின கேபிள், ஆர்.எம்.யு. (ஹெச்.டி. ஸ்விட்ச் பெட்டி), சீல் வைத்த மீட்டரிங் செட் எல்லாம் வாரியத்துடையது. அங்கே கை வைக்க வேண்டுமானால் செக்‌ஷன் ஆபீஸில் எழுத்தில் லைன் கிளியர் (லைன் ஆஃப், வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கித்தான். எல்லாம் ஆஃப் ஆன பிறகு டெஸ்ட், அதன் பிறகு டிஸ்சார்ஜ் ராடு (லைனை எர்த்தோடு இணைக்கும் கம்பு). ராடு போடும்போது எர்த் கிளாம்ப் முதலில், லைன் கடைசியில். எடுக்கும்போது லைன் முதலில், எர்த் கடைசியில்.

#3 | வயர்மேன்_திண்டுக்கல்

மின்காப்பு சார் சொன்னதோடு ஒன்று. "டெஸ்ட்" என்றால் பேனா டெஸ்டர் இல்லை. மூன்று படி: தெரிந்த உயிருள்ள இடத்தில் மீட்டரை வைத்து, மீட்டர் வேலை செய்கிறது என்று பார்க்கணும், வேலை செய்யப்போகும் இடத்தில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு நியூட்ரல், ஃபேஸுக்கு எர்த், நியூட்ரலுக்கு எர்த் எல்லாம் பார்க்கணும், மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்து மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கணும்.

முழுக் கட்டடமும் ஷட்டவுனில் இருக்கும்போது உயிருள்ள இடம் கிடைக்காது. அதற்கென்று பேட்டரியில் ஓடும் புரூவிங் யூனிட் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்க. தொடாமல் பார்க்கும் டெஸ்டர் ஆர்மர்டு கேபிள் மேல் ஒன்றும் காட்டாது, அதை நம்பி கேபிளை வெட்டக்கூடாது. இன்கமர் பேனலில் வைக்கும் மீட்டரும் அதன் லீடும் குறைந்தது கேட்டகிரி 3, 1000 வோல்ட் என்று போட்டிருக்கணும்.

#4 | எண்ணெய்சோதனை

டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறேன். ஷட்டவுனுக்காகக் காத்திருக்க வேண்டாத வேலைகளை முன்கூட்டியே முடியுங்கள். ஆயில் சாம்பிள் எடுப்பது அதில் ஒன்று. வறண்ட நாளில், கீழ் வால்வில், முதலில் கொஞ்சம் ஆயிலை ஓடவிட்டுக் கொட்டிய பிறகு, சுத்தமான உலர்ந்த பாட்டிலில் வாய்வரை நிரப்புங்கள். மழை நாளில் எடுத்த சாம்பிள் நல்ல ஆயிலையும் கெட்டதாகக் காட்டும்.

பி.டி.வி. (ஆயிலின் இன்சுலேஷன் எத்தனை வோல்ட்டில் உடைகிறது என்ற அளவு): ஐ.எஸ். 6792 முறையில் 2.5 எம்எம் இடைவெளியில் ஆறு முறை பிரேக்டவுன் பார்த்து சராசரி எடுப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் 11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மருக்கு 30 கே.வி.க்குக் கீழே வந்தால் ஃபில்டர் செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் ஆறு அளவும் தனித்தனியாக இருக்கட்டும். சராசரி 38 என்று மட்டும் எழுதியிருந்தால், ஆறில் ஒன்று 19 ஆக இருந்ததா என்று தெரியாது. அப்படிச் சிதறினால் ஆயிலில் துகளோ ஈரமோ இருக்கிறது. அமிலத்தன்மையும் நீர் அளவும் சேர்த்துப் பாருங்கள். பி.டி.வி. ஃபில்டர் செய்தால் ஏறிவிடும். அமிலம் ஏறியிருந்தால் ஆயில் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள், அது சாதாரண ஃபில்டரில் இறங்காது.

மெக்கர் (இன்சுலேஷன் தடை அளக்கும் கருவி): ஹெச்.டி. முதல் எர்த், ஹெச்.டி. முதல் எல்.டி. இரண்டும் 2500 வோல்ட்டில், எல்.டி. முதல் எர்த் 500 வோல்ட்டில். எல்.டி. நியூட்ரலின் எர்த் இணைப்பைக் கழற்றாமல் எல்.டி. முதல் எர்த் பார்த்தால் பூஜ்யம்தான் வரும், அதை ஃபால்ட் என்று எழுதிவிடுவார்கள். சோதனை முடிந்ததும் நியூட்ரல் எர்த்தைத் திரும்பப் போட்டதைத் தனி வரியில் எழுதி இன்னொருவர் கையெழுத்துப் போடட்டும். அது மறந்துபோனால் நியூட்ரல் மிதந்து மாடி முழுக்க கருவிகள் எரியும்.

பாதுகாப்பு ஒழுங்குமுறை கேட்பது ஹெச்.டி.க்கு ஒரு நிமிடத்தில் 5 மெகாஓம், எல்.டி.க்கு 1 மெகாஓம். அது கடைசித் தரை. போன வருடம் 2000 மெகாஓம் இருந்தது இந்த வருடம் 150 என்றால் சட்டப்படி பாஸ், டிரான்ஸ்ஃபார்மர் கணக்குப்படி ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒப்பிடும் முன் வெப்பநிலையைப் பாருங்கள். 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் அளவு ஏறக்குறைய பாதியாகும். ஷட்டவுன் எடுத்த உடனே சூடாக அளந்ததையும், நாலு மணி நேரம் கழித்து அளந்ததையும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. மெக்கர் அளவுக்குப் பக்கத்தில் ஆயில் டிகிரியை எழுதாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

பிரீதர் (டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றை உலர்த்தும் பகுதி): சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆனால் மாற்ற வேண்டும். மேலே இருக்கும் ஜெல் முதலில் ரோஸ் ஆகிறது, கீழே இன்னும் நீலம் என்றால், காற்று கீழே உள்ள ஆயில் கப் வழியாக வராமல் மேலே எங்கேயோ கேஸ்கெட் வழியாக நுழைகிறது. ஜெல்லை மாற்றினால் தீராது, கேஸ்கெட்டை மாற்றணும்.

#5 | ரிலேக்காரர்

1000 கே.வி.ஏ. என்பதால் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் புக்கோல்ஸ் (உள்ளே ஃபால்ட் வந்தால் எழும் வாயுவைக் கண்டு டிரிப் செய்யும் ரிலே) இருந்தாக வேண்டும். அது இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் வி.சி.பி. உண்மையாகவே டிரிப் ஆகிறதா? ஆயில் டெம்பரேச்சர், வைண்டிங் டெம்பரேச்சர், புக்கோல்ஸ் மூன்றையும் தனித்தனியாக இயக்கி, ஒவ்வொரு முறையும் வி.சி.பி.யை டெஸ்ட் பொசிஷனில் ஆன் செய்து டிரிப் பார்க்க வேண்டும். மார்ஷலிங் பாக்ஸில் (கண்ட்ரோல் வயர்கள் சேரும் பெட்டியில்) தண்ணீர் இறங்கி டெர்மினல் பச்சை பூத்துக் கிடப்பதும், கண்ட்ரோல் கேபிளை எலி கடித்திருப்பதும் இந்தச் சோதனையில்தான் தெரியவரும்.

அதைவிட முக்கியம் டிரிப் பேட்டரி. ரிலே சரியாக இருக்கும், சி.டி. (ரிலேக்குக் கரெண்ட்டை அளந்து கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) சரியாக இருக்கும், பவர் பேக்கில் பேட்டரி செத்திருக்கும். ஃபால்ட் வரும்போது வோல்டேஜ் விழும், சார்ஜர் கைவிடும், டிரிப் காயிலுக்குக் கரெண்ட் கிடைக்காது. சார்ஜர் இன்புட்டை ஆஃப் செய்துவிட்டு, பேட்டரியில் மட்டும் வி.சி.பி.யை டிரிப் செய்து பாருங்கள். மாதம் ஒருமுறை பேட்டரி வோல்டேஜ் எழுதுங்கள்.

எல்.டி. ஏ.சி.பி.க்கு செகண்டரி இன்ஜெக்‌ஷன் கிட் (சோதனைக் கரெண்ட் கொடுக்கும் கருவி) வைத்து அதன் டிரிப் யூனிட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். செட்டிங்கைப் போட்டோ எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ எல்லா டயலையும் அதிகபட்சத்துக்குத் திருப்பி வைத்திருப்பது நிறைய இடத்தில் உண்டு. மாடியில் ஃபால்ட் வந்தால் மாடி பிரேக்கர் விழாமல் இன்கமர் விழுவதும், இரண்டுமே தாமதமாக விழுவதும் அதனால்தான்.

#6 | கோவைவளாகம்

மிக்க நன்றி. எர்த் பிட் (எர்த் எலக்ட்ரோடு இறக்கிய குழி) பற்றி ஒரு சந்தேகம். எட்டு பிட் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கிளாம்ப் டைப் எர்த் டெஸ்டரில் எட்டுக்கும் 0.1 முதல் 0.3 ஓம் காட்டியிருக்கிறார். இது நல்ல அளவுதானே?

#7 | மண்தடை

கோவைவளாகம் சார், அந்த அளவு சந்தேகத்துக்குரியது. கிளாம்ப் டெஸ்டர் அளப்பது ஒரு சுற்றின் தடையை: இந்தப் பிட்டில் இறங்கி, மண் வழியாக, மற்ற பிட்டுகளில் ஏறித் திரும்பி வரும் சுற்று. உங்கள் எட்டு பிட்டும் ஸ்ட்ரிப்பால் வளையமாக இணைந்திருந்தால், கிளாம்ப் வைத்த இடத்தைப் பொறுத்து மண்ணையே தொடாமல் வெறும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்ட்ரிப் சுற்றை அளந்துவிடும். ஒரு பைப் எலக்ட்ரோடு 0.1 ஓம் காட்டுவது நம் கோவை வட்டாரப் பாறை மண்ணில் நடக்காது.

சரியான முறை மூன்று முனை முறை. பிட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, கரெண்ட் ஸ்பைக்கைத் தள்ளி அடித்து, வோல்டேஜ் ஸ்பைக்கை அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில் அடிக்க வேண்டும். 30 மீட்டர் தள்ளி கரெண்ட் ஸ்பைக் என்றால் சுமார் 18.5 மீட்டரில் வோல்டேஜ் ஸ்பைக். பிறகு அதை இருபுறமும் ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்தி மறுபடி பாருங்கள். மூன்று அளவும் நெருக்கமாக இருந்தால் நம்பலாம். விலகினால் ஸ்பைக்குகள் போதுமான தூரத்தில் இல்லை. கான்கிரீட் தளம் மட்டுமே உள்ள வளாகத்தில் ஸ்பைக் அடிக்க இடமில்லை என்பார்கள். சாலையோர மண்ணுக்கு நீளமான லீடு இழுங்கள்.

எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இருக்க வேண்டும். சப்ளை ஓடும்போது அதில் ஒன்றைக் கழற்றி அளக்க நினைக்காதீர்கள். மற்றொன்று உள்ளே அரித்துப் போயிருந்தால், கழற்றுபவர் கையில் நியூட்ரல் வோல்டேஜ் ஏறும். ஷட்டவுனில் மட்டும் செய்யுங்கள்.

காலமும் முக்கியம். ஹெச்.டி. நிறுவலுக்கு வருடம் ஒருமுறை, வறண்ட காலத்தில், வறண்ட நாளில் அளக்க வேண்டும் என்பது விதி. ஐப்பசி கார்த்திகை மழையில் அளந்த நல்ல அளவால் பயனில்லை. ஏப்ரல், மே என்று வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு முந்தைய நாள் பிட்டில் பத்து பக்கெட் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

#8 | பேனல்_சிவகாசி

இதோடு ஒன்று. பிட்டின் அளவு நல்லா இருந்து, பிட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் ஸ்ட்ரிப் அறுந்திருந்தால் என்ன பிரயோசனம்? எர்த் பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு மோட்டார் பாடி, டி.பி. பாடி, கேபிள் டிரே வரைக்கும் தொடர்ச்சி பார்க்கணும். பெயிண்ட் அடித்த மேல் போல்ட் போட்டிருப்பார்கள், பார்க்க இறுக்கமா இருக்கும், மீட்டரில் ஓப்பன் காட்டும்.

பேனலுக்கு என் யோசனை: ஷட்டவுனில் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். வருஷா வருஷம் அதைச் செய்தால் சூடாகிற பேச்சே வராது.

#9 | மின்காப்பு

எர்த் தொடர்ச்சி பற்றிச் சொன்னது மிகச் சரி அண்ணே. ஆனால் வருடாவருடம் எல்லாவற்றையும் இறுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மாடிக் கேபிள் அலுமினியம். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து கொடுக்கும். ஒவ்வொரு வருடமும் ஸ்பேனரில் கைப்பலத்துக்கு இறுக்கினால் லக் (கேபிள் முனையில் பொருத்தும் இணைப்பு) நசுங்கும், போல்ட் நீண்டு பிடிப்பை இழக்கும். இறுக்கமாகத் தெரியும், உள்ளே தொடர்பு குறைந்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (திருகு விசையில்) டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை இறுக்கி, நட்டுக்கும் பஸ்பாருக்கும் (பேனலில் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டைக்கும்) குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வருடம் கோடு உடைந்திருந்தால் மட்டும் பிரித்துப் பார்த்து, சுத்தம் செய்து, ஸ்பிரிங் வாஷரை மாற்றி, திரும்ப டார்க் வையுங்கள். காப்பர் பஸ்பாரில் அலுமினிய லக்கை நேரடியாகப் போடாதீர்கள். பைமெட்டாலிக் லக் அல்லது வாஷர் வேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காற்றில் இணைப்பு அரிக்கும்.

மைக்ரோஓம் மீட்டர் கிடைத்தால் ஆர், ஒய், பி மூன்று ஃபேஸிலும் ஒரே மாதிரி இணைப்பை அளந்து ஒப்பிடுங்கள். குறைந்ததைவிட 50% அதிகமாக எது இருக்கிறதோ அதைப் பிரியுங்கள். 800 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 100 மைக்ரோஓம் கூடுதலாக இருந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 64 வாட் சூடு. மூடிய பேனலுக்குள் அது நாள் முழுக்க ஒரு இடத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

#10 | வெப்பக்கேமரா

தெர்மோகிராஃபியை ஷட்டவுன் அன்று செய்ய முடியாது என்பதைச் சிலர் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள். இரண்டு, மூன்று வாரம் முன்பே, நல்ல வெயில் காலப் பிற்பகலில், ஏ.சி. எல்லாம் ஓடும்போது எடுங்கள். அப்போதுதான் கண்டுபிடித்ததைச் சரிசெய்ய ஷட்டவுனும் பொருளும் கைவசம் இருக்கும். லோடு 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எடுத்த படத்தில் எதுவும் தெரியாது.

ஒரே மாதிரி மூன்று ஃபேஸ் இணைப்புகளை ஒப்பிடும்போது, 1 முதல் 3 டிகிரி வித்தியாசம் கவனிக்க வேண்டியது. 4 முதல் 15 வரை இந்த ஷட்டவுனிலேயே பிரிக்க வேண்டியது. 15க்கு மேல் உடனடி. ஆனால் லோடையும் எழுதுங்கள். சூடு கரெண்டின் வர்க்கத்தோடு ஏறும். 40% லோடில் 12 டிகிரி காட்டிய இணைப்பு 80% லோடில் ஏறக்குறைய நாலு மடங்கு காட்டும். ஆம்பியர் எழுதாத தெர்மல் படத்தை இன்சூரன்ஸ்காரர் ஏற்றுக்கொண்டாலும் நீங்கள் ஏற்காதீர்கள்.

அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள். பஸ்பார் முன்னால் இருக்கும் அக்ரிலிக் ஷீட் வழியாகப் படம் எடுப்பது ஒன்று. கண்ணுக்கு ஷீட்டின் பின்னால் தெரிகிறது, கேமராவுக்குத் தெரியாது. அது அக்ரிலிக்கின் சூட்டைத்தான் காட்டும். இரண்டாவது, பளபளக்கும் காப்பரை நேராக அளப்பது. அது வெப்பத்தை மிகக் குறைவாக வெளிவிடுவதால் கேமரா குறைத்துக் காட்டும், எதிரே நிற்பவரின் உடம்புச் சூடும் அதில் பிரதிபலிக்கும். பக்கத்தில் உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவிலோ, ஷட்டவுனில் ஒட்டி வைத்த கறுப்பு டேப்பிலோ, கேமராவில் எமிசிவிட்டி (வெப்பம் வெளிவிடும் திறன்) 0.95 வைத்து அளங்கள்.

கவரைத் திறந்து உயிருள்ள பேனலைப் படம் எடுப்பதே ஆபத்தான வேலை. இந்த ஷட்டவுனில் இன்கமர் செக்‌ஷனுக்கு மட்டுமாவது ஐ.ஆர். விண்டோ (கவரைத் திறக்காமல் கேமராவில் பார்க்கும் ஜன்னல்) பொருத்திவிடுங்கள்.

#11 | கடைசெட்டப்

ஒரு கேள்வி. ஒரே ஒரு அவுட்கோயிங் லக் சூடு காட்டுகிறது, கடைக்காரர் ஷட்டவுன் தர மறுக்கிறார். இன்சுலேட்டட் ஸ்பேனரும் கிளவுஸும் போட்டு லைவில் ஒரு சுற்று இறுக்கலாமா?

#12 | மின்காப்பு

கூடாது. கணக்கைப் பாருங்கள். 1000 கே.வி.ஏ., 433 வோல்ட், ஃபுல் லோடு கரெண்ட் 1333 ஆம்பியர். இம்பீடன்ஸ் 5% என்றால் பஸ்பாரில் ஷார்ட் கரெண்ட் ஏறக்குறைய 26.7 கிலோஆம்பியர். ஸ்பேனர் நழுவி இரண்டு ஃபேஸைத் தொட்டால் அந்தக் கரெண்டில் ஆர்க் விழும். ரப்பர் கிளவுஸ் ஷாக்கைத் தடுக்கும், ஆர்க்கின் தீயைத் தடுக்காது. வெறும் தோலில் 1.2 கலோரி சதுர செ.மீ.க்கு விழுந்தாலே இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும். தாமதம் அதிகம் வைத்த இன்கமர் டிரிப் ஆவதற்குள் அதைப்போலப் பல மடங்கு வரலாம். ரிலேக்காரர் ஏ.சி.பி. செட்டிங் பற்றிச் சொன்னது இங்கே உயிர்ப் பிரச்சினை.

இதே கணக்கிலிருந்து இன்னொன்று: பேனலுக்குப் பக்கத்திலேயே 10 கே.ஏ. எம்.சி.பி. (10 கிலோஆம்பியர் ஃபால்ட் வரை துண்டிக்கும் சின்ன பிரேக்கர்) போட்ட டி.பி. இருந்தால் அது அந்த ஃபால்ட்டைத் தாங்காது. முன்னால் பொருத்தமான ஹெச்.ஆர்.சி. (அதிக ஃபால்ட்டைத் துண்டிக்கும்) ஃபியூஸோ எம்.சி.சி.பி.யோ (பெரிய பிரேக்கரோ) இருக்கிறதா பாருங்கள்.

கடைக்காரரிடம் தெர்மல் படத்தைக் காட்டுங்கள், இரவு கடை மூடிய பிறகு அரை மணி நேரம் கேளுங்கள். எந்த ஃபீடர், என்ன வேலை, யார் ஆஃப் செய்தது, யார் பூட்டு போட்டது, எத்தனை மணிக்குத் திரும்பக் கொடுத்தது, எல்லாம் பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) வரட்டும். பூட்டின் சாவி வேலை செய்பவர் பையில்.

#13 | நியூட்ரல்_மேடம்

3.5 கோர் கேபிள் என்று பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த அரை கோர் நியூட்ரல் பழைய காலத்து லோடுக்காகக் கணக்கிட்டது. மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரெண்ட் இருக்காது என்ற கணக்கு. இப்போது மாடி முழுக்க கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர், யு.பி.எஸ். இவற்றின் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஓடும் கரெண்ட்) மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் வந்து கூடும், ஒன்றையொன்று கழிக்காது. ஃபேஸில் 120 ஆம்பியர், நியூட்ரலில் 140 என்பது அலுவலக மாடியில் நடக்கக்கூடியதே. அரை சைஸ் கோர் அதைத் தாங்குமா? ஃபேஸில்தான் பிரேக்கர் இருக்கிறது, நியூட்ரல் எரிந்தாலும் அது விழாது.

எல்லா மாடி ஃபீடரிலும் ட்ரூ ஆர்.எம்.எஸ். (கோணலான அலையையும் சரியாக அளக்கும்) டாங் டெஸ்டரால் (கேபிளைச் சுற்றிப் பிடிக்கும் மீட்டரால்) நான்கு கரெண்டும் எடுங்கள். சாதாரண டாங் டெஸ்டர் இந்த அலையில் குறைத்துக் காட்டும். நியூட்ரல் கரெண்ட் அரை கோரின் தாங்குதிறனை நெருங்கினால் நியூட்ரலுக்கு இணையாக ஒரு தனி கேபிள் போடுவது அல்லது லோடைப் பிரிப்பது. தெர்மல் கேமராவிலும் ஃபேஸை மட்டும் பார்க்காமல் நியூட்ரல் லிங்க்கைப் பாருங்கள்.

நியூட்ரல் லூஸானால் நடப்பது தெரிந்ததுதான்: குறைந்த லோடு உள்ள ஃபேஸில் 230 என்பது 300க்கு மேல் போகும். நாலு போல் பிரேக்கர் உள்ள இடத்தில் யு.பி.எஸ். இன்புட் நியூட்ரல் துண்டிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள், பல யு.பி.எஸ்.களில் அவுட்புட் நியூட்ரல் அதே நியூட்ரல்தான், துண்டித்தால் அது மிதக்கும்.

ஏ.பி.எஃப்.சி.யும் இதே விஷயம்தான். ஹார்மோனிக் உள்ள கட்டடத்தில் ரியாக்டர் இல்லாத கெப்பாசிட்டர் உப்பும். 7% டீட்யூன்டு ரியாக்டர் (ஹார்மோனிக்கைத் தடுக்கும் சுருள்) போட்டால் கெப்பாசிட்டர் மேல் வோல்டேஜ் ஏறும், 440 வோல்ட் கெப்பாசிட்டரை அதில் போடக்கூடாது. 480 அல்லது 525 வோல்ட் ரேட்டிங் வேண்டும். திறக்கும் முன் ஐந்து நிமிடம் காத்திருங்கள். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் மூன்று நிமிடத்தில் 75 வோல்ட்டுக்கு இறக்க வேண்டும், ஆனால் ரெசிஸ்டரே எரிந்து போயிருக்கலாம். அதனால் ஒவ்வொரு யூனிட்டையும் அளந்த பிறகு ஷார்ட் செய்துதான் தொட வேண்டும்.

#14 | கோவைவளாகம்

மேடம், மிகவும் பயனுள்ள தகவல். மூன்றாவது மாடியில் 4 போல் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த் கசிவில் விழும் பிரேக்கர்) அடிக்கடி விழுகிறது என்று முன்பு யாரோ பைபாஸ் செய்துவிட்டார்கள். ஆய்வுக்கு முன் திரும்பப் போட வேண்டும். மறுபடி விழுந்தால் என்ன செய்வது?

#15 | நியூட்ரல்_மேடம்

ஆய்வு வரைக்கும் காத்திருக்காமல் இன்றே பைபாஸை எடுங்கள்.

காரணம் பெரும்பாலும் எண்ணிக்கை. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ஃபில்டர் வழியாகவும் 1 மில்லிஆம்பியர் போல எர்த்துக்குக் கசியும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். நிரந்தரக் கசிவு அதன் 30 சதவீதத்துக்குள், அதாவது 9 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஒரு மாடியின் அறுபது கம்ப்யூட்டரை ஒரே ஆர்.சி.சி.பி.யில் மாட்டினால் அது விழாமல் என்ன செய்யும்? எட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு சர்க்யூட் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆர்.சி.பி.ஓ. (கசிவு, ஓவர்லோடு இரண்டிலும் விழும் பிரேக்கர்) போடுங்கள். டைப் ஏ.சி. வேண்டாம், எலக்ட்ரானிக் லோடுக்கு டைப் ஏ.

பிரித்த பிறகும் விழுந்தால் நியூட்ரலைத் தேடுங்கள். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் ஒரே பாரில் கலந்திருக்கும், அல்லது ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருப்பார்கள். கசிவு அளக்கும் கிளாம்ப்பில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் எவ்வளவு என்று தெரிந்துவிடும், ஷட்டவுனும் தேவையில்லை.

சோதனை: டெஸ்ட் பட்டன் உள்ளே இருக்கும் பொறி நகர்கிறதா என்று மட்டும் சொல்லும், எர்த் வயர் இருக்கிறதா என்று சொல்லாது. ஆர்.சி.டி. (கசிவு பிரேக்கர்) டெஸ்டரில் மூன்று அளவு எடுங்கள்: 15 மில்லிஆம்பியரில் விழக்கூடாது, 30ல் 300 மில்லிசெகண்டுக்குள், 150ல் 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும்.

#16 | வயர்மேன்_திண்டுக்கல்

மெக்கர் போடும் முன் ஒரு எச்சரிக்கை. மாடி சர்க்யூட்டில் 500 வோல்ட் மெக்கர் வைக்கும்போது சர்ஜ் புரொடெக்டர், எனர்ஜி மீட்டர், வி.எஃப்.டி. (மோட்டார் வேகம் மாற்றும் கருவி), எல்.இ.டி. டிரைவர் எல்லாம் கழற்றியிருக்கணும். இல்லையென்றால் ஒன்று அது எரியும், இல்லை தப்பான அளவு காட்டும். கழற்ற முடியாத இடத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் எர்த்துக்கும் 250 வோல்ட்டில் பாருங்க. முடிந்ததும் டிஸ்சார்ஜ் பண்ணாமல் கேபிளைத் தொடாதீங்க, நீளமான கேபிள் நன்றாகவே அடிக்கும்.

#17 | ஆய்வுக்குத்தயார்

ஆய்வாளர் வந்தால் முதலில் பார்ப்பது அறையைத்தான். பேனலுக்கு முன்னால் ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பின்னால் திறந்த இணைப்புகள் இருந்தால் இடைவெளி ஒன்று 20 செ.மீ.க்குக் குறைவாக, அல்லது 75 செ.மீ.க்கு அதிகமாக. நடுவில் எதுவும் கூடாது: ஆள் உடம்பை நுழைக்கலாம், வெளியே வர முடியாது என்ற அளவு இடைவெளிதான் ஆபத்து. வணிகக் கட்டடத்தில் பேனல் ரூம்தான் சுத்தம் செய்பவர்களின் ஸ்டோர் ரூம். துடைப்பம், பெயிண்ட் டின், பழைய நாற்காலி எல்லாம் வெளியே போகட்டும்.

ரப்பர் மேட்டில் ஐ.எஸ். 15652 முத்திரையும் வகுப்பும் இருக்க வேண்டும். எல்.டி. பேனலுக்கு ஏ வகுப்பு 2 எம்எம், 11 கே.வி. வி.சி.பி. முன்னால் பி வகுப்பு 2.5 எம்எம். முத்திரை இல்லாத வரிவரி கறுப்பு மேட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கணக்கில் வராது.

கேபிள் ஷாஃப்ட்டைத் திறந்து மாடிக்கு மாடி தீத்தடுப்பு அடைப்பு இருக்கிறதா பாருங்கள். புது இன்டர்நெட் கேபிள் இழுத்தவர்கள் அடைப்பை உடைத்துவிட்டு அப்படியே போயிருப்பார்கள். பவர் கேபிள் ஷாஃப்ட்டில் தண்ணீர் பைப்போ வேறு சர்வீஸோ போகக்கூடாது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வெளியே இருப்பதால் பிரச்சினை இல்லை. பின்னால் கட்டடத்துக்குள் மாற்ற நினைத்தால் டிரை டைப் மட்டுமே.

சுவரில்: மண்டை ஓட்டுக் குறியுடன் அபாயப் பலகை, தமிழில் முதலுதவி அட்டை, சிங்கிள் லைன் படம் (மின் அமைப்பு முழுவதையும் காட்டும் வரைபடம்). அந்தப் படத்தில் சோலார் சேர்த்திருக்கிறதா? பல இடத்தில் சோலாருக்கு முந்தைய படமே தொங்கும். பதிவேட்டில்: மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சூப்பர்வைசர், வயர்மேன் தகுதிச் சான்றுகளின் நகல், அவை எப்போது காலாவதி என்பது, யார் யாருக்கு எந்த வேலைக்கு அதிகாரம் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட பட்டியல். இப்போது அமலில் இருப்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறைகள். 2010இன் விதி எண்களைப் போட்ட பழைய படிவத்தை அப்படியே நிரப்பிக் கொடுக்காதீர்கள்.

#18 | எண்ணெய்சோதனை

பதிவேடு பற்றி ஒரே வார்த்தை. "ஓகே" என்ற கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில்: என்ன அளந்தது, எந்தக் கருவி, கருவியின் அளவுத்திருத்தச் சான்று எந்தத் தேதிவரை, வெப்பநிலை அல்லது லோடு, போன வருட அளவு, இந்த வருட அளவு. போன வருட அளவைப் படிவத்தில் முன்பே அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அதே எண் பக்கத்தில் வந்து உட்காரும். அளந்த பிறகு நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

#19 | கோவைவளாகம்

எல்லாருக்கும் நன்றி. இப்படித் திட்டமிட்டிருக்கிறேன்: மூன்று வாரம் முன் ஆயில் சாம்பிள், தெர்மோகிராஃபி, நியூட்ரல் கரெண்ட், ஆர்.சி.டி. சோதனை. ஷட்டவுன் அன்று காலை 7 முதல் 8 வரை தனிமைப்படுத்தல், பூட்டு, எர்த்திங். 8 முதல் 1 வரை டிரான்ஸ்ஃபார்மர், வி.சி.பி. டிரிப் சோதனை, ஏ.சி.பி., பேனல், எர்த் பிட் மூன்று குழுவாக. 1 முதல் 3 வரை சரிபார்த்துத் திரும்ப சப்ளை. சரியா?

#20 | ரிலேக்காரர்

நேரம் சரி. வி.சி.பி. டிரிப் சோதனையும் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஆள் நிற்பதும் ஒரே நேரத்தில் வேண்டாம். டிரிப் சோதனையை முதலில் முடித்து, பிரேக்கரை வெளியே எடுத்துப் பூட்டிய பிறகு குழுவை மேலே ஏற்றுங்கள்.

திரும்பக் கொடுக்கும்போது: போட்ட எர்த்துகளின் எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் பர்மிட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். எல்.டி. ஏ.சி.பி. திறந்தே இருக்க, வி.சி.பி.யை மட்டும் ஆன் செய்து டிரான்ஸ்ஃபார்மரை லோடில்லாமல் பதினைந்து நிமிடம் விடுங்கள். சத்தம் கேளுங்கள், மூன்று ஃபேஸ் வோல்டேஜ் பாருங்கள். பிறகு ஏ.சி.பி., பிறகு மாடி ஒவ்வொன்றாக. ஏ.பி.எஃப்.சி. அதற்குப் பிறகு, சோலார் கடைசி. டி.ஜி. பேட்டரியை மாட்டியதும் ஏ.எம்.எஃப்.பை ஒருமுறை உண்மையாகவே ஓடவிட்டுப் பாருங்கள்.

எந்தக் கேபிளையாவது கழற்றி மாட்டியிருந்தால் அந்த ஃபீடரில் ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டர் வையுங்கள். லிஃப்டில் ஃபேஸ் ரிவர்சல் ரிலே இருக்கும், அது ஓடாமல் நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். தீயணைப்பு பம்ப் அப்படியில்லை. தலைகீழாகச் சுற்றினாலும் சத்தம் வழக்கம்போல வரும், பிரஷர் ஏறாது. பம்ப்பை ஓடவிட்டு கேஜைப் பார்த்து அளவை எழுதிய பிறகு குழுவை வீட்டுக்கு அனுப்புங்கள்.